மூன்றுக்கு மூன்று வாங்கிய கரடி

ஒரு காட்டில், சர்க்கரை ஆலையின் கழிவுக்கால்வாய் வந்து முடிகிற மேட்டுக்குக் கீழே, தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. பெயர் வைத்த அன்று அதன் அம்மா தேனைத்தான் நினைத்திருப்பாள். பிள்ளை ஆயுளில் ஒருமுறைகூட மரமேறித் தேன் எடுக்கப் போவதில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏற வேண்டிய அவசியமே வரவில்லை. காலையிலும் மாலையிலும் ஆலையிலிருந்து கழிவுப்பாகு கறுப்பாக, வெதுவெதுப்பாக, யாரோ வாய்க்குள் முனகுவது போன்ற ஒரு சத்தத்தோடு இறங்கி வந்தது. காடே வரிசையில் நின்று நக்கியது.

நல்ல ஒழுங்கான வரிசைதான். மான்கள், பிறகு பன்றிகள், பிறகு கரடி. குரங்குகள் மட்டும் கிளை வழியாக வந்து முன்னால் குதிக்கும். கேட்டால், "விடியக்காலமே கல்லு போட்டுட்டுப் போனோம்ல, அதோ பாரு எங்க கல்லு" என்று ஏதோ ஒரு கல்லைக் காட்டும்.

ஆலை வருவதற்கு முன்னால் கரடிகள் கரையான் புற்றைத் தோண்டித் தின்றன. இப்போது அதைச் செய்வதில்லை. கரையான் தோண்டுவது வசதியில்லாத குடும்பத்து வழக்கம் என்று ஆகிவிட்டது. தேனப்பனின் நகங்கள் நீண்டு, வளைந்து, வேலையில்லாமல் பளபளத்தன.

அந்த ஆடி மாதம், புலிராஜாவின் செயலாளரான நரி, மரத்துக்கு மரம் அறிவிப்பு ஒட்டியது. 'கல்லீரல் நலத் திட்டம். இலவச ஸ்கேன் முகாம். அனைவரும் வருக.' இலவசம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. பிறகென்ன? கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவையெல்லாம் கல் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தன.

முதலில் ஒரு படிவம். பெயர், இனம், குகை எண், ஒரு நாளைக்கு எத்தனை நக்கு. இரண்டு பிரதிகள். பிறகு ஓலைக் கொட்டகைக்குள் கொக்கு. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி தூக்கிப் போட்ட ஸ்கேன் இயந்திரத்தைக் கொக்குதான் இயக்கியது. வயிற்றில் கற்றாழைக் கூழைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, ஒற்றைக் காலில் நின்று திரையைப் பார்க்கும். பார்த்த தரத்தைப் பென்சிலால்தான் எழுதும். நரி வந்து பார்த்து, அதன் மேல் மசியால் எழுதி, கால் தடத்தை முத்திரையாக வைக்கும். அதன் பிறகு அந்தத் தரத்தை மாற்ற யாராலும் முடியாது. அதுதான் அந்தக் காட்டின் அலுவலக முறை.

"மூச்சை இழுத்துப் பிடி," என்றது கொக்கு. "விடாதே... விடாதே... சரி, விடு. தரம் மூன்று."

"எத்தனைக்கு?" என்றது கரடி.

"மூணுதான் உச்சம்."

தேனப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது வாழ்க்கையில் எதிலும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. முள்ளம்பன்றிக்கு ஒன்றுதான் கிடைத்தது. முயல் பூஜ்யம் வாங்கி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. "படிச்சிருந்தா வந்திருக்கும்," என்று கரடி அதற்கு ஆறுதல் சொன்னது. அறிக்கையைக் கொண்டுபோய்க் குகை வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டது.

அன்று மாலை குப்பை லாரியிலிருந்து ஒரு வெள்ளை எலி இறங்கி வந்தது. சிவந்த கண்கள். காதில் ஒரு தகடு, தகட்டில் ஏழு என்ற எண். ஒன்றரை வயது, எலிக் கணக்கில் நடுத்தர வயதைத் தாண்டியது. அது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்து வளர்ந்தது. கூண்டு வாசலில் தொங்குகிற காகிதத்தை வாசிப்பது அதன் பழக்கம். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள அதற்கு வேறு வழி எதுவும் இருந்ததில்லை. ஆகவே குகை வாசலில் காகிதத்தைப் பார்த்ததும் நின்று வாசித்தது.

"இதில் எழுதியிருப்பது உங்களைப் பற்றியா?"

"ஆமா. மூணுக்கு மூணு," என்றது கரடி.

"அடியில் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தீர்களா?"

"பொடி எழுத்தை யாரு வாசிப்பா?"

எலி வாசித்துக் காட்டியது. "'தரம் மூன்று உடையவை ஆவணி விருந்துக்கு ஒதுக்கப்படும். கொழுப்பு ஏறிய ஈரல் மாமன்னருக்கு மிகவும் பிடித்தமானது. நாக்கில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும். செய்முறை பின்பக்கம்.'"

கரடி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தது. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

அது அப்படியே கொக்கிடம் ஓடியது. "ஐயா, கொஞ்சம் குறைச்சுப் போட்டுக் குடுங்கய்யா. ஒண்ணு போடுங்க. அரை போட்டாலும் சரி."

"முத்திரை விழுந்தாச்சு. இனி நான் எழுதறது செல்லாது," என்றது கொக்கு. "மறுபரிசோதனைக்கு விண்ணப்பம் குடு. நாற்பதாம் நாள் விருந்து. முப்பத்தொன்பதாம் நாள் மறுபரிசோதனை."

"அன்னிக்குக் குறைச்சு எழுதுவீங்களா?"

"அன்னிக்கு நரியார் பக்கத்துலயே நிப்பார். நான் குறைச்சா நடக்காது. உன் ஈரல் குறைஞ்சு காட்டணும்."

திரும்பி வந்தபோது எலி இன்னும் வாசலிலேயே இருந்தது. போக வேறு இடம் அதற்கு இல்லை. கரடி அதன் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தது.

"வாத்தியாரே, நீ படிச்சவன் மாதிரி இருக்கே. ஈரல்ல கொழுப்பு எப்படி வந்துச்சு? நான் கொழுப்பே தின்னதில்லையே. வெறும் இனிப்புதானே?"

"அதுதான் காரணம்," என்றது எலி. அது பாடப்புத்தகம் மாதிரிதான் பேசும். பேசக் கற்றுக்கொண்ட இடம் அப்படி. "கல்லீரல் ஒரு கிடங்கு. சர்க்கரை அளவுக்கு மேல் வந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. மாற்றிய சரக்கை வெளியே அனுப்ப வண்டி வேண்டும். வண்டி கட்டப் புரதம் வேண்டும். நீங்கள் சரக்கை இறக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், வண்டி கட்டவே இல்லை."

"அப்போ சர்க்கரையை நிறுத்தணுமா?" என்றது கரடி.

எலி யோசித்தது. "எங்கள் கூண்டில் யாரும் நிறுத்தியதில்லை. நிறுத்திவிட்டால் ஆராய்ச்சி ஏது? எல்லோருக்கும் ஒரே அளவு சர்க்கரைதான். முதல் கூட்டத்துக்குச் சர்க்கரையும் பேருக்குக் கொஞ்சம் புரதமும். இரண்டாம் கூட்டத்துக்குப் பால் புரதம் தாராளமாக. மூன்றாம் கூட்டத்துக்குப் புரதம் கொஞ்சம்தான். ஆனால் புரதத்தில் உள்ள ஒரு கூறை மட்டும் தனியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். நான் மூன்றாம் கூட்டம்."

"சர்க்கரையை நிறுத்த வேண்டாம்!" கரடி எழுந்து ஓர் ஆட்டம் போட்டது. மற்றது எதுவும் அதன் காதில் விழவில்லை. பிறகு சட்டென்று நின்றது. "ஆமா, உங்க கூட்டத்துக்குக் கொழுப்பு குறைஞ்சுதா?"

எலி மீசையைத் துடைத்துக்கொண்டது.

"தெரியாது."

"தெரியாதா?"

"முடிவு தெரிய எங்களைத் திறந்து கல்லீரலை எடுத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின நாள் நான் வெளியே வந்துவிட்டேன்." அது காதுத் தகட்டைத் தடவியது. "அன்றிலிருந்து அது ஒன்றுதான் என் மனத்தில் இருக்கிறது. எங்கள் கூட்டம் நல்ல கூட்டமா, கெட்ட கூட்டமா?"

கரடிக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. வேறு வாத்தியாரும் இல்லை. அன்றே இரண்டும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தன.

"கரையான் உங்கள் இனத்தின் உணவுதானே? அதில் புரதம் நிறைய," என்றது எலி முதல் நாளே.

"கரையானா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? தேனப்பன் வீட்டுல கஷ்டம்போலன்னு பேசமாட்டாங்களா?"

"உங்களை மிளகு போட்டு வறுக்கப் போகிறார்கள்."

"அது வேற. அது அரசாங்கம்."

ஆகவே கொள்ளு. காட்டோரத்துக் கொல்லைகளிலிருந்து கரடி கொள்ளைக் கொண்டுவந்தது. காலையில் கொள்ளு, மதியம் கொள்ளு, நடுவில் வழக்கம்போலப் பாகு. எலியும் அதே விகிதத்தில், தன் உடம்புக்கு ஏற்ப, அதையே சாப்பிட்டது. ஒரு வாரத்தில் கரடியின் வயிற்றிலிருந்து எழுந்த காற்றுக்கு அஞ்சிக் குரங்குகள் மூன்று மரம் தள்ளிக் குடிபோயின. வரிசையில் கரடிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவில்லை. "இந்தக் கொள்ளு ஒரு வழியில நல்லதுதான்," என்றது கரடி.

பன்னிரண்டாம் நாள் எலி தலையில் அடித்துக்கொண்டது.

"தப்பு செய்துவிட்டேன். புரதம் என்பது ஒரே பொருள் அல்ல, கரடியாரே. இருபது வகை உறுப்புகள் சேர்ந்தது. வண்டியில் சக்கரம் இருக்கிறது, நுகத்தடி இருக்கிறது, அச்சாணி மட்டும் இல்லை என்றால் வண்டி என்ன ஆகும்?"

"நின்ன இடத்துலயே நிக்கும்."

"கொள்ளில் அந்த அச்சாணி குறைவு. அதற்குப் பெயர் மெத்தியோனின். எங்கள் மூன்றாம் கூட்டத்துக்குத் தனியாகக் கொடுத்தது அதைத்தான்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. எங்க கிடைக்கும்?"

"முட்டையில். மீனில். எள்ளில்."

முட்டை என்றால் மயில் அழும். மீன் என்றால் கொக்குக்குப் போட்டி. மிஞ்சியது எள். எள்ளுக் கொல்லை இரண்டு மைல் தூரத்தில் இருந்தது. கரடி தினமும் போய் வந்தது. முதல் நாள் வெறும் எள்ளைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தது. இரண்டாம் நாள் அதன் மூளையில் ஒன்று உதித்தது. கழிவுப்பாகில் எள்ளைப் போட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டியது.

"எள்ளுருண்டை," என்றது பெருமையோடு. "மருந்தும் இதுதான், நோயும் இதுதான். ஒரே வாயில முடிஞ்சிரும்."

எலி ஓர் உருண்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தது. இருநூறு எலிகள் கூண்டில் இருந்து கண்டுபிடிக்காததை ஒரு கரடி கழிவுக்கால்வாய்க் கரையில் உருட்டி வைத்திருக்கிறது. "அளவை மட்டும் ஒரே மாதிரி வையுங்கள்," என்று சொல்லிவிட்டுக் கொறித்தது.

நாள்கள் போயின. எள்ளுக்காக நடந்து நடந்து கரடியின் தொடை இறுகியது. அதை எலி கணக்கில் சேர்க்கவில்லை. கூண்டில் யாரும் நடந்ததில்லை, அதனால் நடப்பதற்கு அதன் அட்டவணையில் இடம் இல்லை. ஆவணி நெருங்க நெருங்கக் கரடி தினமும் ஒரு முறை குகை வாசலுக்குப் போய்ச் செய்முறையை வாசித்துவிட்டு வரும். 'ஈரலைக் கழுவி, சதுரமாக நறுக்கவும்' என்ற வரியில் மட்டும் அதன் வலது விலாவுக்குக் கீழே ஏதோ கூசும்.

செய்தியும் மெல்லப் பரவியது. தரம் மூன்று வாங்கிய காட்டுப்பன்றியும் கடம்பை மானும் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கி எள்ளுருண்டை கேட்டன. பிறகு தரம் இரண்டு வாங்கியவையும் வந்தன. கரடி இல்லை என்று சொல்லாது. வாசலில் வரிசை நின்றது. குரங்குகள் கல் போட்டன.

முப்பத்தொன்பதாம் நாள் காலை மறுபரிசோதனை. பக்கத்தில் நிற்க வேண்டிய நரியைக் காணோம். கொக்கின் முகமும் சரியில்லை. விடியும்போதே அதை அரண்மனைக்கு அழைத்துப் போய்ப் புலிராஜாவின் வயிற்றில் கருவியை வைக்கச் சொல்லியிருந்தார்கள். என்ன தெரிந்தது என்று கேட்டதற்குக் கொக்கு, "அடுத்த ஆளு," என்று மட்டும் சொன்னது.

கரடி படுத்தது. கற்றாழைக் கூழ் ஜில்லென்றிருந்தது. கொக்கு திரையைப் பார்த்தது, கருவியைத் தட்டிப் பார்த்தது, மறுபடியும் திரையைப் பார்த்தது.

"என்னய்யா?" என்று கரடி தலையைத் தூக்கியது.

"கொழுப்பே இல்ல. பூஜ்யம்."

கொக்கு பென்சிலால் ஒரு பூஜ்யம் போட்டது. கரடி கொக்கைத் தூக்கிச் சுற்றியது. எலியைத் தூக்கிச் சுற்றியது. வெளியே வரிசையில் நின்றவை ஆரவாரம் செய்தன. ஏனென்றால் அவற்றின் வயிற்றிலும் அதே எள்ளுருண்டைதான்.

எலி ஆடை திருத்துகிற மாதிரி தன் ரோமத்தைத் தடவிக்கொண்டு பலகையில் ஏறியது. "எனக்கும் பாருங்கள், ஐயா."

"உனக்கு எதுக்கு? நீ முகாமுக்கே வரலையே. படிவம் இருக்கா?"

இருந்தது. முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தது, இரண்டு பிரதிகள். கொக்கு கருவியின் ஓரத்தால், மிக மெதுவாக, நெல்லிக்காய் அளவு இருந்த அந்த வயிற்றைத் தொட்டது.

"பூஜ்யம்."

எலி காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சுழியையே பார்த்தது. பிறகு மிக மெல்ல, "நல்ல கூட்டம்," என்றது. "நாங்கள் நல்ல கூட்டம்."

அப்போதுதான் தூரத்தில் பறையடித்தது. நரி வந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்று புதிய ஆணையை உரக்க வாசித்தது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது. மாமன்னரின் ஈரலில் கொழுப்பு தரம் மூன்று. கொழுப்பேறிய ஈரல்களைப் பல்லாண்டுகள் உண்டதாலும், பின்வாசல் வழியாக வந்த பாகுக் குடங்களாலும் விளைந்தது. இனி மாமன்னர் கொழுப்பற்ற, தூய புரத ஈரல் மட்டுமே உண்பார். ஆகவே நாளை விருந்துக்குத் தரம் பூஜ்யம் பெற்றவை மட்டும் ஒதுக்கப்படும். மற்றவை தத்தம் குகைக்குத் திரும்பலாம்."

வரிசை அப்படியே உறைந்துவிட்டது. முயல் மட்டும், ஆடி மாதத்திலேயே பூஜ்யம் வாங்கிய அந்த முயல் மட்டும், எந்தப் புதருக்குள் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நரி முத்திரையிடுவதற்காக ஒவ்வொருவரையாகத் தாண்டி முன்னால் வந்துகொண்டிருந்தது. கூட்டம் நெருக்கியதால் மெதுவாகத்தான் வர முடிந்தது. உள்ளே கரடி கொக்கின் காலைப் பிடித்துக்கொண்டது. பிடிக்க ஒரு கால்தான் தரையில் இருந்தது.

"ஐயா, மூணு போடுங்கய்யா!"

கொக்குக்கு அலகு திறந்தபடி நின்றுவிட்டது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல குறைச்சுப் போடச் சொல்லி அழுதவங்களைப் பார்த்திருக்கேன். கூட்டிப் போடச் சொல்ற முதல் ஆளு நீதான்."

"வருஷா வருஷம் மூணு கெண்டை மீன். என் கையால பிடிச்சு."

"விரால்."

"சரி, விரால்."

கொக்கு அலகால் பூஜ்யத்தைத் துடைத்துவிட்டு மூன்று என்று எழுதியது. அது அலகை எடுப்பதற்குள் பன்றி உள்ளே தலையை நீட்டியது. "ஐயா, எனக்கும் மூணு." கடம்பை மான், "ஐயா, என்னோடது ரொம்ப மோசமான ஈரல், சின்ன வயசுலேர்ந்தே." முள்ளம்பன்றி, "மூணுக்கு மேல ஏதாவது இருந்தா போடுங்க." கூரையைப் பிரித்துக்கொண்டு குரங்குகள், "எங்க கல்லு முன்னாடியே இருக்கு!" கொக்கு நிறுத்தாமல் எழுதியது. அதன் ஆயுள் முழுவதற்கும் மீன் சேர்ந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே, உன் காகிதத்தைக் குடு," என்று கரடி கையை நீட்டியது. "சீக்கிரம்."

எலி காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டது. "இதைத் திருத்தவா?"

"உயிரு போயிரும்டா!"

"கரடியாரே, என்னோடு கூண்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு எண்ணுக்காகப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கிறது. அதை அழித்து மூன்று என்று எழுதச் சொல்கிறீர்களே."

"அப்போ ஓடிப் போ. அந்தப் பொந்து வழியா போ."

"ஒருமுறை ஓடிப் பார்த்தேன்," என்றது எலி. "தெரியாமல் இருப்பது இதைவிடக் கஷ்டம்."

கரடி அதைத் தூக்கி வாய்க்குள்ளாவது ஒளித்து வைக்கலாம் என்று நினைத்துக் குனிந்தபோது நரி உள்ளே வந்துவிட்டது. அறிக்கைகளைப் புரட்டியது. மூன்று, மூன்று, மூன்று. நரிக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பென்சிலில் இருப்பதுதான் பதிவு, பார்த்ததும் நினைத்ததும் பதிவு ஆகாது. ஒவ்வொன்றின் மீதும் மசியால் எழுதி முத்திரை வைத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு சிறிய காகிதம்.

"பூஜ்யம். யாருப்பா இது?"

"நான்தான்," என்றது எலி. "முத்திரை வைத்து ஒரு நகல் கிடைக்குமா?"

"நகலுக்கு ஒரு வாரம் ஆகும்." நரி எலியை மேலும் கீழும் பார்த்தது. "ராஜாவுக்கு ஒரு கடைவாய்ப் பல்லுக்குக்கூடக் காணாதே. ம். மாத்திரையா குடுத்துக்கலாம்."

மறுநாள் விருந்து மிகச் சுருக்கமாக நடந்தது. புலிராஜா மாத்திரையை வெறும் வாயில் விழுங்கத் தெரியாதவர். அதனால் ஒரு குடம் கழிவுப்பாகோடு விழுங்கினார். மறுவாரம் அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தரம் மூன்று. புரத வைத்தியம் வெறும் ஏமாற்று என்று காடெங்கும் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

தேனப்பன் இப்போதும் இருக்கிறது. அந்தக் காட்டிலேயே மிக மோசமான கல்லீரல் அதற்குத்தான் என்று பதிவேடு சொல்கிறது. தீராத நோயாளி என்று அரசாங்கம் அதற்குத் தினம் ஒரு குடம் பாகு கூடுதலாக ஒதுக்கியிருக்கிறது. வருடத்துக்கு மூன்று விரால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் அது கரையான் புற்றைத் தோண்டுகிறது, நகங்கள் தேய்ந்துவிட்டன.

ஒரு வாரம் கழித்துச் சொன்னபடியே நகல் வந்தது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் கரடி கையெழுத்துப் போட்டு வாங்கியது. குகை வாசலில் அதைத் தொங்கவிடவில்லை. உள்ளே, உலர்ந்த இலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்க்கும். சின்னதாக ஒரு சுழி, உள்ளே ஒன்றும் இல்லை. இதைப் பார்த்தா ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டான் என்று அதற்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். பிறகு ஓர் எள்ளுருண்டையை எடுத்து, ஓர் எள் அளவு கிள்ளிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தின்னும்.

நீதி: ஈரலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கையை மட்டும் அழுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.